மே மாதத்துக்கு எதற்கு வீட்டுப்பாடம்?

ஏப்ரல் கடைசியில், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, பல பள்ளிகளில் பிள்ளைகளின் கையில் இன்னொரு தாளும் திணிக்கப்படுகிறது. தினம் ஒரு பக்கம் தமிழ்க் கையெழுத்து, ஒரு பக்கம் ஆங்கிலக் கையெழுத்து. 1 முதல் 20 வரை வாய்ப்பாடு, பத்துத் தடவை. தெர்மாகோலில் ஒரு மாதிரி. தலைவர்கள் படம் ஒட்டிய ஓர் ஆல்பம். தாள் கொடுக்காத பள்ளியாக இருந்தால் பெற்றோரே வந்து கேட்கிறார்கள்: "லீவுக்கு ஒண்ணும் எழுதக் குடுக்கலியா டீச்சர்?" தென்காசி மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபத்து நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி வராத ஏப்ரல் எனக்கு நினைவில்லை. முதல் பத்து ஆண்டுகள் நானும் அந்தத் தாளைக் கொடுத்தவள்தான். அது தவறு என்று இன்று சொல்கிறேன். ஏன் தவறு என்பதையும் சொல்கிறேன்.

எதிர்த் தரப்பின் கருத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுவோம். ஒன்றரை மாதம் புத்தகத்தைத் தொடாத பிள்ளை படித்ததை மறந்துவிடும். ஜூனில் ஆசிரியர் பழைய பாடத்தையே திரும்ப நடத்த வேண்டிவரும். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், படிக்கிற பழக்கம் விட்டுப்போகாது. அடுத்த வகுப்புப் பாடத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே பார்த்துவிட்டால் பிள்ளை திணறாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கோடையிலும் எதையாவது கற்று முன்னே போய்விடும். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி கொடுக்கும் நோட்டுதான் துணை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோட்டு இல்லையென்றால் பிள்ளை காலையிலிருந்து இரவுவரை செல்போனில் கிடக்கும். இப்படிச் சொல்பவர்கள் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். மிகுந்த அக்கறை உள்ளவர்கள். என் கூட வேலை பார்க்கும் நல்ல ஆசிரியர்களில் பாதிப் பேர் இந்தக் கட்சி.

பொதுத்தேர்வு, நீட் என்று நிற்கும் பெரிய பிள்ளைகளின் கதை வேறு. அதற்குள் நான் போகவில்லை. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

1. மறந்துபோகும் என்கிறார்களே, எவ்வளவு மறந்துபோகும்?

மறதி உண்டு. அதை மறுத்து என் கட்சியைத் தூக்கி நிறுத்த நான் தயாரில்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் தலைமையிலான குழு 1996-ல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கோடை விடுமுறைக்குப் பிறகு மதிப்பெண் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குக் குறைகிறது. கணக்குப் போடுவதிலும் எழுத்துக்கூட்டலிலும் இழப்பு கூடுதல் என்பது அதன் முடிவு. விடுமுறைப் படிப்பை வலியுறுத்தும் எல்லோரும், பெயர் தெரிந்தோ தெரியாமலோ, இந்த ஆய்வின் நிழலில்தான் நிற்கிறார்கள். அந்த நிழலும் இப்போது அவ்வளவு அடர்த்தியாக இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பால் வான் ஹிப்பல் 2019-ல் பழைய ஆய்வுகளை மறுபடி சோதித்தார். அந்தக் காலத்துத் தேர்வுகள் அளந்த விதத்தை மாற்றினால் கோடை இழப்பும் பெருமளவு மாறிப்போகிறது என்று காட்டினார்.

சரி, ஒரு மாத இழப்பு என்றே வைத்துக்கொள்வோம். மறந்தது ஒரேயடியாகப் போய்விடுகிறதா? ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-ல் தன் மறதியைத் தானே அளந்து பார்த்து ஒரு நூல் எழுதினார். மறதி எவ்வளவு விரைவாக வருகிறது என்பதைக் காட்டும் அவருடைய வளைகோட்டைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் அளந்தது எதை என்பதை யாரும் சொல்வதில்லை. மறந்ததைத் திரும்பக் கற்க முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதையே அவர் அளந்தார். ஒரு தடவை கற்றது மறந்ததுபோல இருந்தாலும் அடுத்த தடவை சீக்கிரம் வந்துவிடும். ஜூன் மாதம் வகுப்பில் நிற்கும் எந்த ஆசிரியருக்கும் இது கண்ணால் கண்ட உண்மை. முதல் நாள் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் முழிக்கிற பிள்ளை, நாலாம் நாள் தயங்காமல் போடும்.

இதைவிடப் பெரிய சோதனை நம் ஊரிலேயே நடந்தது. கொரோனாவில் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் பதினெட்டு மாதத்துக்கும் மேல் மூடிக் கிடந்தன. அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2021 டிசம்பரில் இழப்பு மிகப் பெரிதாக இருந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டத்தால் வந்தது என்பதும் அவர்கள் கணக்கு. "பார்த்தீர்களா, கூடுதல் வகுப்பு உதவியிருக்கிறதே" என்று எதிர்த் தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளலாம். உதவியது, சந்தேகமில்லை. ஆனால் அது பள்ளி நடக்கும் மாதங்களில், மாலை நேரத்தில், தெருவிலேயே ஒரு தன்னார்வலர் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுத்தது. யாருமில்லாத வீட்டில் பிள்ளை தனியாக உட்கார்ந்து நோட்டை நிரப்பியதல்ல. பதினெட்டு மாத இழப்பையே பெருமளவு மீட்கத் தெரிந்த பள்ளிகளுக்கு ஆறு வார மறதி ஒரு பொருட்டா?

2. அந்த நோட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது திறந்து பார்த்தார்களா?

நான் பார்த்திருக்கிறேன். நான்காம் வகுப்புப் பிள்ளையின் வாய்ப்பாட்டு நோட்டு. ஏழாம் வாய்ப்பாடு பத்துத் தடவை. முதல் பார்வைக்கு அழகாக இருந்தது. உற்றுப் பார்த்தால் பென்சில் அழுத்தம் மேலிருந்து கீழாக ஒரே சீராகப் போகிறது. முதலில் பத்து ஏழை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறான். பிறகு பத்துப் பெருக்கல் குறி. பிறகு 1 முதல் 10. பிறகு பத்துச் சமக்குறி. கடைசியாக விடைகளை முந்தைய பக்கத்தைப் பார்த்து இறக்கியிருக்கிறான். ஆறேழு 43 என்று முதல் பக்கத்தில் ஒரு பிழை. பத்துப் பக்கத்திலும் 43. அவன் ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. எழுத்தை மட்டும் கீழே இறக்கிக்கொண்டு போயிருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அர்த்தமில்லாத வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரு புத்திசாலிப் பிள்ளை கண்டுபிடிக்கும் வழி அது. தவறு அந்த வேலையைக் கொடுத்த என்னுடையது.

கையெழுத்துப் பயிற்சியும் அப்படித்தான். முதல் வரி அழகாக இருக்கும். இரண்டாம் வரி முதல் வரியைப் பார்த்து, மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து. பக்கத்தின் அடியில் வரும்போது 'ழ' வேறு எழுத்தாகிவிட்டிருக்கும். நாற்பது பக்கம் எழுதி முடிக்கும்போது பிழையான உருவம் கைக்கு நன்றாகப் பழகிவிடும். அதை மாற்ற எனக்கு ஆகஸ்ட் வரை ஆகும்.

வீட்டுப்பாடம் படிப்பை வளர்க்கிறதா என்பதையும் அதே கூப்பர் 2006-ல் தொகுத்துப் பார்த்தார். மேல் வகுப்புகளில் தொடர்பு தெரிந்தது; தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு இல்லை. விடுமுறைப் படிப்புக்குச் சான்று தந்த அதே ஆள் சொன்ன இந்தப் பாதியை ஏன் யாரும் எடுத்துச் சொல்வதில்லை? சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம், சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று உத்தரவிட்டது. பள்ளி நடக்கும் நாளிலேயே கூடாது என்றால், கத்திரி வெயிலில் எப்படிக் கூடும்?

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததும் அல்ல. ஆர்.கே. நாராயண் 1935-ல் வெளியிட்ட 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில், விடுமுறை நாளில் அப்பா மகனை அறைக்குள் கூப்பிட்டு மாம்பழ விலைக் கணக்கு ஒன்றைப் போடச் சொல்கிறார். பையனுக்கு விலை ஓடவில்லை. அந்தப் பழங்கள் பழுத்தவையா என்று தெரிந்தாக வேண்டும். இதை எழுதியவர்தான் அரை நூற்றாண்டு கழித்து, மாநிலங்களவை நியமன உறுப்பினராக, 1989-ல் தன் முதல் பேச்சில் பள்ளிப் பிள்ளைகளின் சுமையைப் பற்றிப் பேசினார். அதன் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993-ல் 'சுமையற்ற கற்றல்' என்ற அறிக்கையைத் தந்தது. பைக்கட்டின் எடையைவிட மோசமான சுமை, புரியாமல் படிக்கும் சுமை என்பதே அந்த அறிக்கையின் சாரம். மேலிருந்து கீழாக எழுதப்பட்ட என் மாணவனின் ஏழாம் வாய்ப்பாடு அந்தச் சுமையைத்தான் சுமந்துகொண்டிருந்தது.

3. ஏழைப் பிள்ளைக்கு அந்த நோட்டு துணையா?

இதுதான் எதிர்த் தரப்பின் மிக வலுவான வாதம். என்னைப் பல ஆண்டுகள் கட்டிப்போட்டதும் இதுதான். நடப்பதோ நேர்மாறு.

என் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டு, கையில் கத்தரி, இலையை வெட்டிச் சுருட்டி நூல் கட்டி, கணக்கு ஆயிரத்துக்கு. நிமிர்ந்து பார்த்தால் அன்றைய எண்ணிக்கை குறையும். மிச்சமுள்ளவர்கள் நூறு நாள் வேலைக்கோ தோட்ட வேலைக்கோ போகிறவர்கள். பக்கத்திலேயே ஒரு பெரிய பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அப்பா ஆபீசில் வண்ணப் பிரிண்ட் எடுத்து வருகிறார். அம்மா தெர்மாகோலை வெட்டி எரிமலை செய்கிறார். ஜூனில் அந்த எரிமலை வரவேற்பறையில் காட்சிக்கு நிற்கிறது. விடுமுறை வேலைக்குக் கிடைக்கும் பாராட்டு முழுவதும், வீட்டில் ஓய்வாக ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதற்குக் கிடைக்கும் பாராட்டு.

நான் கொடுத்த தாளால் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜூன் முதல் நாள் ஒரு பெண் கொண்டுவந்த நோட்டில் கடைசிப் பன்னிரண்டு பக்கம் வேறு கையெழுத்து. நான் கேட்டதும் அழுதுவிட்டாள். மறுநாள் அம்மா வந்தார். "நாந்தான் டீச்சர் எழுதுனேன். பள்ளிக்கூடம் தெறக்க நாலு நாள் இருக்கு, இவ உக்காந்து அழுதா. ராத்திரி வேலைய முடிச்சிட்டு எழுதுனேன். அவ எழுத்து மாதிரியே எழுதப் பாத்தேன், வரல." எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். ஆயிரம் பீடி சுற்றிய கையால், விளக்கை மறைத்துக்கொண்டு, மகள் என்னிடம் திட்டு வாங்கக் கூடாதே என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அந்த நோட்டில் சிவப்பு மையால் என்ன திருத்துவது? அடுத்த ஏப்ரலிலிருந்து நான் தாள் கொடுப்பதை நிறுத்தினேன்.

ஏழைப் பிள்ளைகள் கோடையில் பின்தங்குகிறார்கள் என்ற கவலை வெறும் கற்பனை இல்லை. பால்டிமோர் நகரில் 1982-ல் தொடங்கிய நீண்ட கால ஆய்வு அதைத்தான் சொன்னது. வான் ஹிப்பல் கேள்வி கேட்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று. கவலை சரி என்றே கொண்டால் மருந்து எது? ஃபுளோரிடாவில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒன்று செய்து பார்த்தார்கள். கோடை தொடங்கும் முன் புத்தகங்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனக்குப் பிடித்த பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று கோடை இப்படி. புத்தகம் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட வாசிப்பில் முன்னேறினார்கள். ஏழைப் பிள்ளையிடம் இல்லாதது கதைப் புத்தகம். எழுத வேண்டிய நோட்டு அதனிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

4. முன்கூட்டியே படித்தால் முன்னே போய்விடுவார்களா?

மே மாதத்தில் அடுத்த வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் தனியார் பள்ளிகள் எத்தனையோ. விடுமுறையில் சிறப்பு வகுப்பு கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வேன்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இந்த ஓட்டம் எங்கே போய் நிற்கும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டு நடத்தும் வழக்கம் பரவி, கடைசியில் அதைத் தடுக்கவே 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியதாயிற்று. முன்னே ஓடியவர்கள் ஒரு முழு ஆண்டின் அடித்தளத்தைத் தாண்டி ஓடியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் மேயில் நடத்திய பாடத்தை ஜூலையில் மறுபடி கேட்கும் பிள்ளைக்கு அதில் புதுமை இருக்காது. புரிந்துவிட்டது என்ற எண்ணம் மட்டும் இருக்கும். போட்டிப் படிப்புக்கு உதாரணமாக நம் பெற்றோர் காட்டும் சீனாவே 2021 ஜூலையில், பள்ளிப் பாடத்துக்கான தனியார் டியூஷனை வார இறுதியிலும் விடுமுறையிலும் நடத்தக் கூடாது என்று தடுத்தது.

5. நோட்டு இல்லாவிட்டால் செல்போன்தானா?

இந்தப் பயம் நியாயமானது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போன வீட்டில், வெளியே நூறு டிகிரியைத் தாண்டும் வெயிலில், பிள்ளையின் கையில் போன் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். 2023-ல் வெயில் தாங்காமல் பள்ளி திறப்பதையே ஜூன் பாதிவரை தள்ளிவைத்தார்கள். அந்த வெயிலில் பிள்ளையை வெளியே அனுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கிணறும் குளமும் தனியாகப் போகிற பிள்ளைகளை ஒவ்வொரு மேயிலும் பறிக்கின்றன என்பதையும் மறக்கவில்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். பிள்ளை விழித்திருக்கும் நேரம் பதினான்கு மணி. நோட்டு அதில் ஒரு மணி நேரத்தைத் தின்னும். மிச்சம் பதின்மூன்றுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. நடைமுறையில் அது இன்னும் கெடுக்கிறது: "எழுதி முடி, போன் தாரேன்" என்று வீட்டில் ஒப்பந்தம் ஆகிறது. எழுத்து தண்டனையாகவும் போன் பரிசாகவும் மாறுகின்றன. படிப்பின்மேல் வெறுப்பை வளர்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

போனை எது வெல்லும்? இன்னொரு ஆள். மே மாதம் மாணவர் சேர்க்கைக்காகத் தெருத் தெருவாகப் போவோம். அப்படிப் போனபோது ஒரு வீட்டுத் திண்ணையில் என் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆச்சியோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். வகுப்பில் 13-ல் 6 போக என்ன என்றால் மேசைக்கு அடியில் விரலைத் தேடுகிற பிள்ளை. அவள் முறை வந்தது. காயை எடுக்கவில்லை. ஐந்தாவது குழியில் ஆறு புளியங்கொட்டை. விரலைக் காற்றில் நகர்த்தினாள். தன் பக்கம் இரண்டு, திரும்பி ஆச்சி பக்கம் நாலு. அதற்கு அடுத்தது வெறுங்குழி. அதைத் தடவினால் அதற்கும் அடுத்த குழியில் இருக்கும் ஒன்பது காயும் அவளுக்கு. "ஆச்சி, ஒன் ஒம்பதும் போச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் குழியில் கைவைத்தாள். ஆச்சி கையால் குழிகளை மறைத்துக்கொண்டு "இரு, இரு, எண்ணிப் பாக்கேன்" என்றார். இருவருக்கும் நான் வந்து நின்றதே தெரியவில்லை.

அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஜூனில் நோட்டில் எழுதிய கழித்தலில் அவள் மறுபடி திணறினாள். பல்லாங்குழிக்கும் கரும்பலகைக்கும் நடுவில் பாலம் போடுவது என் வேலை. ஜூலையில் வகுத்தலைத் தொடங்கும்போது ஒரு பல்லாங்குழிப் பலகையை வகுப்புக்குக் கொண்டுபோனேன். எழுபது காய், பதினான்கு குழி, குழிக்கு எத்தனை? முதலில் கை தூக்கியவள் அவள். அந்த மேயில் அவளுக்கு நாற்பது கழித்தல் கணக்கு கொடுத்திருந்தால் அந்தத் திண்ணை ஆட்டம் நடந்திருக்காது. எனக்குப் பாலம் போட ஒரு கரையே கிடைத்திருக்காது.

எல்லா வீட்டிலும் ஆச்சி இல்லை, திண்ணை இல்லை என்பார்கள். உண்மை. நகரத்தில் இரண்டு அறை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் தாயக்கட்டை உண்டு, சமையல் உண்டு, மளிகைக் கடைச் சீட்டு உண்டு. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் அளக்கிற பிள்ளை விகிதத்தைக் கையால் தொடுகிறது. நூலகமும் உண்டு. நாட்டிலேயே முன்னோடியாகத் தமிழ்நாட்டுக்கு 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சென்னை கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் பெரிய நூலகங்களில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நம் ஊர்க் கிளை நூலகத்தில் மர அலமாரி ஒன்றாவது இருக்கும். அந்த வரிக்கு உரிய பயனை வாங்கப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை போங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்த் தரப்போடு நான் பாதி வழி வருவேன். ஒன்று, இரண்டாம் வகுப்பில் இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளைக்குத் தினம் கொஞ்சம் வாசிப்பு வேண்டும். கதைப் புத்தகம், பஸ் பலகை, சினிமாச் சுவரொட்டி, கடைப் பெயர், எதுவானாலும் சரி. பிள்ளை வாசிக்கட்டும், பக்கத்தில் ஒருவர் கேட்கட்டும். வாசித்ததற்கு அடியில் கேள்வி-பதில் எழுதச் சொல்லாதீர்கள். கதை அங்கேயே செத்துவிடும்.

6. ஐந்தாம் வகுப்பு முடித்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளையை என்ன செய்வது?

இந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட பிள்ளைகள் என் வகுப்பிலும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு வராமல் போனது மே மாதத்தால் அல்ல. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாளும் 800 கற்பிக்கும் மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் 1,000 மணி நேரமும் குறித்திருக்கிறது. ஐந்து ஆண்டில் அந்தப் பிள்ளை எங்களிடம் இருந்தது ஆயிரம் நாள். ஆயிரம் நாளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் செய்யாததை நாற்பது நாளில் பீடி சுற்றும் அம்மா செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

விடுமுறை நோட்டின் மிகப் பெரிய தீங்கு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பள்ளியின் பொறுப்பை அது ஓசையில்லாமல் வீட்டுக்கு இறக்கிவிடுகிறது. ஜூனில் பிள்ளைக்குத் தெரியவில்லையென்றால் "லீவுல வீட்டுல பாக்கல" என்று சொல்லிவிட முடிகிறது. பின்தங்கிய பிள்ளைக்குத் தேவை தனியாக நோட்டு நிரப்புவதல்ல. அதன் நிலை தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் உட்காருவது. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அடிப்படையும் இதுவே: எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல், எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடு. அதைச் செய்ய வேலைநாள் இருக்கிறது, சம்பளம் வாங்கும் நாங்கள் இருக்கிறோம். ஆசிரியர் போதாது என்றால் ஆசிரியரைக் கேட்டுப் போராடுவோம். பிள்ளையின் மே மாதத்தை எடுத்து அந்தக் குறையை நிரப்பக் கூடாது.

தலைமையாசிரியர்களுக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஏப்ரலில் அந்தத் தாளை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பாதீர்கள். அதற்கு ஆகும் காசில் வகுப்புக்குப் பத்துக் கதைப் புத்தகம் வாங்கி, பெயர் எழுதிக்கொண்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டு கிழிந்து வந்தால் வரட்டும். பெற்றோர் வந்து "ஒண்ணும் குடுக்கலியா" என்று கேட்டால், இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஜூன் முதல் நாள், நோட்டு எங்கே என்று கேட்காதீர்கள். லீவில் என்ன செய்தாய் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள். முப்பது பிள்ளைகள் சொல்லி முடிக்க இரண்டு பாடவேளை ஆகும். அந்த இரண்டு பாடவேளையை அவர்களுக்குக் கொடுங்கள்.